பூட்டியிருந்தால் அடுத்த வீடு

அச்சில் ஒரு வரி வந்துவிட வேண்டும், அதற்குப் பிறகு எது எப்படிப் போனாலும் சரி என்றுதான் அவர் இருந்தார். வரியை எழுதி வைத்து நாளாகிவிட்டது. 'எனது ஆய்வின் முடிவு தவறு.' அவ்வளவுதான். கீழே அவர் பெயர். அதைப் போட்டுக்கொள்ளத்தான் ஒரு பத்திரிகையும் இல்லை.

பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் நடத்தி ஓய்வு பெற்றவர். நல்ல உயரம். நடக்கும்போது தலை முதலில் போகும், உடம்பு யோசித்துப் பின்னால் வரும். மாணவர்கள் வைத்த பெயர் சராசரி. எதைக் கேட்டாலும் "சராசரியா பாத்தா" என்று ஆரம்பிப்பார் என்பதால் வந்தது. அது அவர் காதுக்கும் எட்டியிருந்தது. கோபித்துக்கொள்ளவில்லை. வாங்கின பட்டங்களில் இதற்கு மட்டும்தான் பரீட்சை எழுதவில்லை என்பார்.

அப்பா சந்தையில் மூட்டைகள் அடுக்கும் கிட்டங்கியில் எடை போடுகிறவர். வெளியில் எல்லோருக்கும் பயந்த மனிதர். முதலாளிக்கு, முதலாளியின் டிரைவருக்கு, டிரைவரின் நாய்க்கு. தராசுக்குப் பக்கத்தில் நிற்கும்போது மட்டும் முதுகு நிமிரும். மூட்டை யாருடையது என்று தராசுக்குத் தெரியாது. எவ்வளவு பெரிய வியாபாரி சத்தம் போட்டாலும் முள் நின்ற இடத்தில் நிற்கும். மகனுக்கு அது சின்ன வயதிலேயே பதிந்துவிட்டது. மனிதர்கள் சொல்வதை விட்டுவிட்டு எண் சொல்வதைப் பிடித்துக்கொண்டால் யார் முன்னாலும் குனிய வேண்டியதில்லை. அவர் பொருளாதாரத்துக்கு வந்தது இந்த வழியில்தான். அப்பா அதை வியாபாரம் செய்கிற படிப்பு என்று நினைத்திருந்தார். "இத்தனை படிச்சவன் ஒரு கடை வெச்சிருக்கலாம்" என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

மனைவி அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். அவருடைய முதல் கட்டுரை அந்த அச்சகத்துக்குத்தான் போனது. சந்தேகம் கேட்க அவரைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

"மூணாவது பக்கத்து அட்டவணைல எல்லாத்தையும் கூட்டினா நூத்துக்கு மேல போகுதுங்க. அப்படித்தான் இருக்கணுமா?"

இருக்கக் கூடாது. திருத்திக் கொடுத்துவிட்டுப் போனவர் மறுநாள் நன்றி சொல்ல வந்தார். அப்புறம் நன்றி சொன்னது சரியாகக் கேட்டதா என்று பார்க்க வந்தார். கல்யாணத்துக்குப் பிறகு அவள் எல்லோரிடமும் சொல்வாள்: "மத்தவங்க கட்டிக்கிட்டு அப்புறம் தப்பைக் கண்டுபிடிப்பாங்க. நான் தப்பைக் கண்டுபிடிச்சிட்டுக் கட்டிக்கிட்டேன்."

ஒரு மகள் பிறந்தாள், படித்தாள், பின்னாளில் தூர தேசத்துக்குப் போனாள். அவர் வகுப்புக்குப் போனார், வந்தார், கட்டுரை எழுதினார். நாற்பதைத் தாண்டும்வரை அவரைப் பற்றிச் சொல்ல வேறெதுவும் இல்லை. பிறகு அந்த ஆய்வு வந்தது.

நகரத்தைச் சுற்றியிருந்த ஊர்களில் அரசாங்கம் சின்ன மருத்துவ நிலையங்கள் வைத்திருந்தது. ஒரு நர்ஸ், ஒரு கட்டில், ஒரு மருந்து அலமாரி. கட்டுப்படியாகவில்லை என்று பாதியை மூடிப் பார்த்தார்கள். மூடிய ஊர்களில் நோய் கூடியிருக்கிறதா என்று கண்டு சொல்லும் பொறுப்பு அவரிடம் வந்தது. வீடு வீடாகப் போய்க் கேட்பதற்கு ஆட்கள் எடுத்தார். அவர்களுக்கு ஒரு கையேடு வேண்டும். அதை வேறு யாரிடமும் விடாமல் அவரே எழுதினார். எந்தெந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்பது முன்கூட்டியே குலுக்கலில் முடிவாகிவிடும். போகிறவர்கள் தங்கள் இஷ்டத்துக்கு வீடு பொறுக்கக் கூடாது. யாரும் வளைக்க முடியாதபடி ஒவ்வொரு விதியையும் கட்டினார். ஓர் இடத்தில் மட்டும் கொஞ்சம் யோசித்தார். போன வீடு பூட்டியிருந்தால்? காத்திருக்க நேரமில்லை. எண்ணிக்கையும் குறையக் கூடாது. 'வீடு பூட்டியிருந்தால் அடுத்த வீட்டைக் கேட்கவும்' என்று எழுதினார். அந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுதான்.

கையேட்டை அச்சுக்குப் படித்தவள் மனைவி. சாப்பாட்டு மேஜையில் தாள்களைப் பரப்பி வைத்துக்கொண்டு, பென்சிலைக் காதில் செருகியபடி கேட்டாள்:

"பூட்டின வீட்ல இருந்தவங்க எங்க போயிருப்பாங்க?"

"வேலைக்கு. கல்யாணம் காட்சிக்கு. சராசரியா பாத்தா, எங்கயோ."

"எங்கயோன்னு ஒரு ஊர் இருக்குங்களா?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். அவள் அடுத்த பக்கத்துக்குப் போனாள். அங்கே ஒரு காற்புள்ளி விட்டுப்போயிருந்தது.

ஆய்வு முடிந்தது. மூடிய ஊர்களுக்கும் மூடாத ஊர்களுக்கும் நோயில் வித்தியாசமே இல்லை. சொல்லப்போனால் மூடிய ஊர்கள் ஒரு மயிரிழை ஆரோக்கியமாகவே இருந்தன. அது அவருக்கே ஆச்சரியம்தான். ஆனால் முள் நின்ற இடம் அது. அப்படியே எழுதினார். செய்தித்தாள்கள் கொட்டை எழுத்தில் போட்டன. மிச்சமிருந்த நிலையங்களையும் மூடினார்கள். அவருக்கு ஜன்னல் வைத்த அறை கிடைத்தது. வெளிநாட்டுக்குக் கூப்பிட்டார்கள். அந்த ஆய்வு பாடப்புத்தகத்தில் ஏறியது, கையேட்டை அரசாங்கக் கணக்கெடுப்புத் துறை எடுத்துக்கொண்டது. மருத்துவ நிலையம் வேண்டும் என்று மனு கொடுத்தவர்களுக்கெல்லாம் அதிகாரிகள் அவருடைய ஆய்வை எடுத்துக் காட்டினார்கள். "உணர்ச்சியை வெச்சு முடிவு எடுக்க முடியாது பாருங்க" என்று அவரும் மேடைகளில் சொன்னார். வகுப்பில் யாராவது எழுந்து, எங்கள் ஊரில் அப்படி இல்லையே சார், என் மாமாவே வைத்தியம் இல்லாமல் போனார் என்று சொன்னால், எத்தனை பேரை எண்ணிச் சொல்கிறாய் என்ற பொருளில் ஒரே கேள்விதான் கேட்பார்: "உங்க மாமாவுக்கு சாம்பிள் சைஸ் என்னப்பா?" வகுப்பு சிரிக்கும். எழுந்தவன் உட்கார்ந்துவிடுவான்.

ஓய்வு பெற்ற பிறகு மனைவிக்கு வயிற்றில் வலி வந்தது. கணையம் என்றார்கள். இங்கே முடியாது, தலைநகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள் என்றார்கள். வீட்டைப் பூட்டிக்கொண்டு போனார்கள். ஆஸ்பத்திரிக்கு எதிரில் நோயாளிகளின் குடும்பங்களுக்கென்றே இருந்த விடுதியில் ஓர் அறை. நடைபாதை முழுக்கத் துணி காயும். ஜன்னல் திண்டுகளில் மாத்திரை அட்டைகள், தூக்குப் பாத்திரங்கள், குழந்தைகளின் செருப்பு. ஒருவர் படுத்தால் வீடே கிளம்பி வரவேண்டியிருந்தது. மருந்து வரிசையில் நிற்க ஓர் ஆள், சமைக்க ஓர் ஆள், ரத்தம் கொடுக்க ஓர் ஆள், விட்டுவிட்டு வர முடியாத பிள்ளைகள். பக்கத்து அறைக்காரர்கள் அவர் ஆய்வு செய்த ஊர்களில் ஒன்றிலிருந்து வந்திருந்தார்கள். மாமியாருக்கு மூச்சுத் திணறல். மருமகள் குழாயடியில் பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள்:

"மொதல்லயே பாத்திருந்தா இவ்ளோ தூரம் வந்திருக்காது சார். அங்க இருந்ததைத்தான் எந்த மகராசனோ மூடிட்டானே."

அவர் தண்ணீர் பிடித்துக்கொண்டு அறைக்குத் திரும்பினார். பாவம் என்று நினைத்தார். தனி ஒரு வீடு ஆதாரமாகாது என்றும் நினைத்தார். மனம் தானாகவே அப்படித்தான் போனது, அத்தனை வருடப் பழக்கம்.

மனைவி பிழைக்கவில்லை. கடைசி வாரம் அவள் பேசியது குறைவு. ஒரு மத்தியானம் கட்டிலின் தலைமாட்டில் தொங்கிய அட்டையைக் காட்டி, "என் பேர்ல ஒரு எழுத்து தப்பா இருக்கு, சொல்லிடுங்க" என்றாள். அவர் போய்ச் சொன்னார். திருத்தினார்கள்.

மகள் வந்தாள். "எங்ககூட வந்துடுங்கப்பா" என்றாள். "பாக்கலாம்மா" என்றார். அவள் விமானம் ஏறிய பிறகு அவர் தனியாக வீட்டுக்கு வந்து, பையைக் கீழே வைத்துவிட்டு, சாவி எந்த ஜேபியில் என்று தேடிக்கொண்டிருந்தபோதுதான் எதிர் வீட்டுக் கதவு திறந்தது.

எதிர் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வாய்க்கு மட்டும் இன்னும் ஓய்வு உத்தரவு வரவில்லை. துக்கம் விசாரித்தார், பையைத் தூக்கி உள்ளே வைத்தார், அவர் பெண்சாதி கொடுத்தனுப்பிய காபியை மேஜையில் வைத்தார். துக்க வீட்டில் எவ்வளவு நேரம்தான் சும்மா இருப்பது என்று தோன்றியிருக்க வேண்டும்.

"நீங்க இல்லாதப்ப ஒரு பொண்ணு வந்துச்சு சார். சர்க்கார் கணக்கெடுப்பாம். உங்க வீட்டு நம்பரைத்தான் வெச்சிருந்துச்சு. இங்க பாத்தா பூட்டு தொங்குது. நேரா எங்கிட்ட வந்துருச்சு."

"என்ன கேட்டாங்க?"

"வீட்ல யாருக்காச்சும் சீக்கா, ஆஸ்பத்திரிக்குப் போனீங்களான்னு. நமக்கு என்ன, கல்லு மாதிரி இருக்கோம். எல்லாரும் சௌக்கியம்னு சொல்லிட்டேன். அதாவது உங்க சீட்டுல நான் ஏறி உக்காந்துட்டேன். டிக்கெட் இல்லாம."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை என்று கண்டக்டர் பார்த்தார். "விளையாட்டுக்குச் சொன்னேன் சார். மனசுல வெச்சுக்காதீங்க."

"நாங்க ஆஸ்பத்திரியில இருக்கோம்னு சொன்னீங்களா?"

"சொல்லாம இருப்பேனா? அக்காவுக்கு ரொம்ப முடியல, அங்கதான் இருக்காங்கன்னு சொன்னேன். 'அது எங்களுக்கு வேணாம் சார், பூட்டியிருந்தா அடுத்த வீடு'ன்னுச்சு."

கண்டக்டர் போய்விட்டார். காபி ஆறிப்போனது. செருப்பைக்கூடக் கழற்றாமல் அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அது ஒன்றும் பெரிய கணக்கில்லை. முதலாண்டு மாணவன் போட்டுவிடக்கூடிய கணக்கு. மருத்துவ நிலையம் இருந்த ஊரில் நோயாளி வீட்டில் படுத்திருப்பான், கதவு திறந்திருக்கும், கேட்டால் ஆமாம் என்பான். மூடிய ஊரில் நோயாளியைத் தூக்கிக்கொண்டு குடும்பமே போயிருக்கும், கதவு பூட்டியிருக்கும். ஒவ்வொரு பூட்டுக்கு முன்னாலும் அவருடைய ஆட்கள் ஒரு நிமிடம் நின்று, அடுத்த வீட்டுக்குப் போனார்கள். அடுத்த வீட்டில் எல்லோரும் சௌக்கியம். நோய் கூடக் கூடப் பூட்டு கூடும். பூட்டு கூடக் கூட ஊர் ஆரோக்கியமாகத் தெரியும். அந்த மயிரிழை எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்தது. அவர் நோயை அளக்கவில்லை. வீட்டில் இருந்தவர்களை அளந்திருக்கிறார்.

எங்கயோன்னு ஒரு ஊர் இருக்குங்களா என்று கேட்டவள் இப்போது உயிரோடு இல்லை. அந்த ஊரில் அவளோடு போய் இருந்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்.

மறுநாள் பல்கலைக்கழகத்துக்குப் போனார். துறைத் தலைவர் அவருடைய மாணவர். ஆள் குள்ளம், ஆனால் எந்த இடத்தில் நின்றாலும் அங்கே எல்லாமே மாறிவிடும் என்பதால் தசமப்புள்ளி என்று அந்தக் காலத்தில் பெயர். அந்த ஆய்வில் ஆட்களை மேய்த்தவர் அவர்தான். இப்போது ஜன்னல் வைத்த அறையும் அவருடையது.

"வாங்க சார். உக்காருங்க. டீ சொல்லட்டுமா?"

"டீயெல்லாம் வேண்டாம். தப்பு பண்ணிட்டோம்யா."

சொன்னார். தசமப்புள்ளி கெட்டிக்காரர். பாதி சொல்லும்போதே புரிந்துவிட்டது. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"பூட்டின வீடு எத்தனைன்னு எங்கயாவது இருக்கா?" என்று கேட்டார் பேராசிரியர்.

"எப்படி சார் இருக்கும்? பூட்டியிருந்தா எழுத வேண்டாம்னு நீங்கதானே சொன்னீங்க. தாள் வீணாகுதுன்னு."

"உனக்கு ஞாபகம் இருக்கும். நீதானே ஊர் ஊரா சுத்தினே. நிறைய பூட்டு இருந்துச்சா, இல்லையா?"

தசமப்புள்ளி மேஜையிலிருந்த பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார், மாட்டினார்.

"இருந்துச்சு சார்."

"அப்ப எழுதுவோம்."

"என்னன்னு எழுதறது? ஞாபகம் இருக்குன்னா?" அவர் குரல் தணிந்தது. "ஞாபகத்துக்கு சாம்பிள் சைஸ் என்ன சார்?"

குத்துவதற்காகச் சொன்னதில்லை. கற்றுக்கொண்டதைச் சொன்னார். சொன்ன பிறகுதான் அது யாருடைய வாக்கியம் என்று இரண்டு பேருக்கும் உறைத்தது.

"அந்த ஆய்வை வெச்சுத்தான் சார் இந்தத் துறையே நிக்குது" என்றார் தசமப்புள்ளி. "அம்மா போன அதிர்ச்சியில இருக்கீங்க. கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க."

அவர் ஆய்வை வெளியிட்ட பத்திரிகைக்கு எழுதினார். எண் இல்லாத திருத்தத்தை வெளியிட இயலாது என்று மரியாதையாகப் பதில் வந்தது. அதில் பிழை ஒன்றுமில்லை. அவர் ஆசிரியராக இருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பார். இன்னொரு பத்திரிகைக்கு எழுதினார். செய்தித்தாளுக்கு எழுதினார். அங்கே ஓர் இளைஞன் தொலைபேசியில் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது எந்த வருஷம் சார்?" என்றான். சொன்னதும், "ஓ" என்றான்.

எண்தானே வேண்டும், போய் எடுத்து வருகிறேன் என்று கிளம்பினார். விடுதியில் பார்த்த குடும்பத்தின் ஊருக்கே பஸ் ஏறினார். பழைய மருத்துவ நிலையத்தில் மாட்டுத் தீவனம் அடுக்கியிருந்தார்கள். சுவரில் தடுப்பூசி அட்டவணை பாதி உரிந்து நின்றது. கடை வாசலில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியம்மாவிடம் கேட்டார்: அந்த வருஷம் கணக்கெடுக்க ஆட்கள் வந்தார்களே, அப்போது இந்தத் தெருவில் எந்தெந்த வீடு பூட்டியிருந்தது?

"அதை எங்கிட்ட கேட்டா? பூட்டிட்டுப் போனவங்களைக் கேளுங்க."

"அவங்க எங்க இருக்காங்க?"

"பாதிப் பேரு திரும்பி வரவே இல்லையே" என்றாள். "நாங்க போகாதவங்க. அதான் இங்க இருக்கோம்."

மறுபடியும் அதே கணக்கு. இருப்பவர்களைத்தான் கேட்க முடியும். அவர் வந்த பஸ்ஸிலேயே திரும்பினார். அதற்குப் பிறகு வெளியூர் எங்கும் போகவில்லை. எழுதி வைத்த வரி மேஜையில் கிடந்தது. மகள் பேசும்போது "சாப்பிட்டீங்களாப்பா" என்பாள், சாப்பிட்டேன் என்பார்.

கண்டக்டருக்கு இருமல் வந்தது. முதலில் அதையும் கேலி செய்துகொண்டிருந்தார், "விசில் ஊதி ஊதி நுரையீரல்ல காத்து தங்கிருச்சு" என்று. பிறகு கேலி பண்ண மூச்சு போதவில்லை. ஒரு காலையில் வாசலில் வாடகைக் கார் நின்றது. மகன் தாங்கிப் பிடித்திருக்க, பெண்சாதி தலையணையும் தூக்குப் பாத்திரமுமாகப் பின்னால் வர, கண்டக்டர் பேராசிரியரின் கதவைத் தட்டிச் சாவியை நீட்டினார்.

"செடிக்கு மட்டும் தண்ணி ஊத்துங்க சார். நம்ம ஸ்டாப் வந்துருச்சுன்னு நெனைக்கிறேன்."

"சும்மா இருங்க. போய்ட்டு வாங்க."

"படியில நிக்காதீங்க, உள்ள போங்க" என்றார் கண்டக்டர், பஸ்ஸில் சொல்கிற அதே தோரணையில்.

கார் போன சில நாளில், வெயில் ஏறிய நேரத்தில் கணக்கெடுக்க அந்தப் பெண் வந்தாள். போன வருடம் இந்த வரிசை, இந்த வருடம் எதிர் வரிசை. துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கையில் டேப்லெட்டோடு நின்றாள். எதிர்க் கதவைக் காட்டினாள்.

"ஐயா, அந்த வீடு பூட்டியிருக்கு. அதுக்குப் பதிலா உங்களைக் கேக்கணும்."

"அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்கம்மா. அதை எழுதிக்க."

"அதுக்கு இதுல இடம் இல்லீங்க. பூட்டுன்னு தொட்டா உடனே அடுத்த வீட்டுக்குத் தாண்டிடுது." திருப்பிக் காட்டினாள். தாண்டியிருந்தது.

தண்ணீர் கேட்டாள். கொடுத்தார். குடித்துவிட்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

"வீட்ல எத்தனை பேருங்க?"

"ஒருத்தன்."

"இந்த ரெண்டு வருஷத்துல வீட்ல யாருக்காவது பெரிய சீக்கு வந்துச்சா?"

"என் மனைவிக்கு வந்தது."

"அவங்க இருக்காங்களா?"

"இல்ல."

அவள் டேப்லெட்டைக் கொஞ்சம் தாழ்த்தினாள். "இப்ப வீட்ல இருக்கறவங்களை மட்டும்தான் ஐயா சேக்கணும். அப்படித்தான் சொல்லியிருக்காங்க."

யார் சொன்னது என்று அவருக்குத் தெரியும். அவருடைய கையேடு, நாலாம் பக்கம். 'குடும்பம் என்பது தற்போது அவ்வீட்டில் உண்டு வசிப்போரை மட்டும் குறிக்கும்.' மனைவி அதில் 'வசிப்போரை' என்ற சொல்லில் ஓர் ஒற்றெழுத்தைச் சரிபார்த்திருந்தாள்.

"அப்ப சீக்கு இல்லைன்னு போட்டுக்கட்டுங்களா?"

அவர் எதிர்க் கதவைப் பார்த்தார். பூட்டு வெயிலில் மினுங்கியது. உண்மையைச் சொன்னால் அந்த வீட்டில் நோய் இல்லை என்று ஏறும். அவருக்கு ஒரு நோயும் இல்லை. ரத்த அழுத்தம்கூடக் கிடையாது. வாழ்நாளில் ஒரு எண்ணைக்கூட அவர் தொட்டு நகர்த்தியதில்லை. அப்பா தராசுத் தட்டின் பக்கம் விரலைக்கூடக் கொண்டுபோக மாட்டார்.

"இருக்கு" என்றார்.

"யாருக்குங்க?"

"எனக்கு."

என்ன நோய் என்று கேட்டாள். கணையம் என்றார். அதை எப்படி எழுதுவது என்று அவளுக்குத் தெரியவில்லை, ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார். எங்கே காட்டினீர்கள், எவ்வளவு காலம் படுத்திருந்தீர்கள், கூட யார் இருந்தார்கள். ஒன்றுவிடாமல் சொன்னார். ஆளைத் தவிர எதுவும் பொய்யில்லை. சொல்லச் சொல்ல அவர் குரல் சரியாகிக்கொண்டு வந்தது. மனைவி போன பிறகு இதையெல்லாம் யாரும் அவரிடம் இந்த வரிசையில் கேட்டதில்லை.

"இப்ப குணமாயிடுச்சுங்களா?"

"இல்லை."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "பாத்தா தெரியலீங்களே ஐயா" என்றாள். பிறகு, "உடம்பைப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள்.

அடுத்து நடக்கப்போவதும் அவருக்குத் தெரியும். தெரு முழுக்க சௌக்கியம். நடுவில் ஒரு வீட்டில் மட்டும் ஒரு கிழவன், உடம்பு முழுக்க நோய். எங்கோ ஒரு மேஜையில் ஓர் இளைஞன், எண்ணை நம்புகிறவன், அந்தப் பதிலைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்குவான். கையேட்டின் கடைசிப் பக்கத்தைப் புரட்டுவான். 'மற்றவற்றோடு பொருந்தாமல் தனித்து நிற்கும் பதில்களை நீக்கிவிடவும்.' நீக்கிவிட்டு டீ குடிக்கப் போவான். அவனைக் குறை சொல்ல முடியாது.

சாவியை எடுத்துக்கொண்டு எதிர் வீட்டுக்குப் போனார். உள்ளே சமையல் மேடையில் கழுவிக் கவிழ்த்த தம்ளர்கள் இருந்தன. பால்கனியில் செடிகள் தலை தொங்கியிருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஊற்றினார். வெளியே வந்து கதவைச் சாத்திப் பூட்டி, பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.